கோப்பில் ஜெயித்துக் களத்தில் தோற்ற ஆயுதங்கள்

ஆயுதக் கொள்முதல் என்று பேச்செடுத்தாலே நம் மனம் நேராகக் கமிஷனுக்குத்தான் போகிறது. தரகர் யார், எவ்வளவு கைமாறியது, எந்த நாட்டு வங்கியில் போய்ச் சேர்ந்தது? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுப் போர் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், படைவீரர்களை மோசமாகக் கைவிட்ட ஆயுதங்கள் பலவற்றின் பின்னால் லஞ்சக் கதையே இல்லை. அந்த அலுவலகங்களில் இருந்தவர்கள் நன்றாகப் படித்த பொறியாளர்கள், பொறுப்புள்ள அதிகாரிகள். நாட்டுப்பற்றிலும் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அப்படியிருந்தும் வெடிக்காத டார்பிடோவும் சிக்கிக்கொள்ளும் துப்பாக்கியும் அவர்கள் கையெழுத்தோடுதான் போர்முனைக்குப் போயின.

இந்தத் தோல்விகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிக்கொண்டே வந்திருக்கிறது. முடிவெடுப்பவர் ஓரிடத்தில் இருக்கிறார், அந்த முடிவுக்கு உயிரைக் கொடுப்பவர் வேறிடத்தில் இருக்கிறார். இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் ஆயுதம் கெட்டுப்போகிறது. லஞ்சம் அந்தத் தூரத்தை அதிகமாக்கலாம். லஞ்சமே இல்லாவிட்டாலும் தூரம் இருக்கத்தான் செய்யும்.

அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோவை, அதாவது நீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் குண்டை, எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். மற்ற நாடுகளின், மற்ற காலங்களின் கதைகளில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் கடற்படைக்குச் சொந்தமான டார்பிடோ நிலையம் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் அங்கேதான் மார்க் 14 உருவானது. பொருளாதாரப் பெருமந்தக் காலம், கையில் பணம் இல்லை. ஒரு டார்பிடோவின் விலையோ சுமார் 10,000 டாலர். அதை நிஜமாகவே வெடிக்கவைத்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. சோதனையின்போது முன்பகுதியில் வெடிமருந்துக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பி விடுவார்கள். ஓட்டம் முடிந்ததும் தண்ணீர் வெளியேறும், டார்பிடோ மிதந்து மேலே வரும், எடுத்துத் துடைத்து மறுபடி பயன்படுத்தலாம். கணக்குப் புத்தகத்துக்கு இது சிக்கனம். ஆனால் அந்த டார்பிடோ ஒரு கப்பலை உடைக்குமா என்ற கேள்விக்கு அந்தச் சோதனையில் பதில் கிடைக்காது.

அதில் பொருத்தப்பட்ட மார்க் 6 வெடிப்பான் அந்தக் காலத்தின் பெரிய ரகசியம். கப்பலின் இரும்பு உடல் சுற்றியுள்ள காந்தப்புலத்தை மாற்றும். அந்த மாற்றத்தை உணர்ந்து, கப்பலுக்கு நேர் அடியில் வெடித்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும் என்பது திட்டம். அருமையான யோசனைதான். ஆனால் போர் தொடங்கும் வரை இந்தக் காந்த வெடிப்பானை நிஜமான இலக்கின் மீது நிஜ வெடிமருந்தோடு சோதித்தது 1926இல், எல் 8 என்ற பழைய நீர்மூழ்கிக் கப்பல் மீது மட்டும்தான். இரண்டே டார்பிடோக்கள் விடப்பட்டன. ஒன்று வெடிக்காமல் அடியில் ஓடிப்போனது, மற்றொன்று வெடித்தது. பாதிக்குப் பாதி தோற்ற அந்தச் சோதனையை நம்பி அடுத்த 15 ஆண்டுகள் ஓடின. ரகசியம் காக்க வேண்டும் என்று அதன் கையேட்டை எழுதி, அச்சிடாமல், பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்கள். அதைப் பயன்படுத்தப் போகிற மாலுமிகளுக்கே அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது.

1941 டிசம்பரில் ஜப்பானோடு போர் வந்தது. சார்கோ என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் டைரல் ஜேக்கப்ஸ் தன் முதல் ரோந்தில் 13 டார்பிடோக்களை விட்டார். ஒன்றுகூட எதிரிக் கப்பலைத் தகர்க்கவில்லை. பொறுக்க முடியாமல், எதிரிக்குத் தன் இருப்பிடம் தெரிந்துவிடும் ஆபத்தையும் மீறி, வானொலியில் மேலிடத்தைக் கேட்டார்: இந்த டார்பிடோக்களை நம்பலாமா? மற்றக் கப்பல்களிலிருந்தும் இதே புலம்பல் வந்தது. வாஷிங்டனில் இருந்த கடற்படையின் ஆயுதப் பணியகம் சொன்ன பதில், குறி சரியில்லை, பராமரிப்பு சரியில்லை, மாலுமிகளின் தவறு என்பதுதான்.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். டார்பிடோவை வடிவமைத்தது, செய்தது, சோதித்தது எல்லாம் அந்தப் பணியகத்தின் கீழ் இருந்தவர்கள். அது நல்ல டார்பிடோ என்று சான்றிதழ் கொடுத்ததும் அவர்கள்தான். களத்திலிருந்து வரும் புகாரை விசாரிக்கும் பொறுப்பும் அவர்களிடமே இருந்தது. தன் குழந்தையைப் பற்றிய புகாரைத் தானே விசாரிக்கும் தகப்பனிடம் வேறென்ன தீர்ப்பை எதிர்பார்ப்பது?

1942 ஜூனில் சார்லஸ் லாக்வுட் என்ற அட்மிரல் அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திருக்காமல் வேறு வழியில் இறங்கினார். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே ஒரு விரிகுடாவில் மீன்பிடி வலையைக் கட்டித் தொங்கவிட்டார். அதன் ஊடாக டார்பிடோக்களைச் செலுத்தி, வலையில் ஓட்டை எந்த ஆழத்தில் விழுந்திருக்கிறது என்று அளந்தார். 10 அடி ஆழத்தில் ஓட வேண்டிய டார்பிடோ 25 அடியில் ஓடியிருந்தது. சராசரியாகப் பார்த்தாலும் பத்துப் பதினோரு அடி அதிக ஆழம். பல கப்பல்களின் அடியைத் தொடாமலேயே அவை போய்க்கொண்டிருந்தன என்று அர்த்தம். பணியகம் என்ன சொன்னது? உங்கள் சோதனை முறை சரியில்லை. லாக்வுட் மறுபடி சோதித்தார், மறுபடி அதே விடை. மேலிடத்து அழுத்தம் வந்த பிறகு நியூபோர்ட் தானே சோதித்துப் பார்த்து, 1942 ஆகஸ்டில் குறையை ஒப்புக்கொண்டது. போர் தொடங்கி ஏறத்தாழ எட்டு மாதம். ஆழத்தை உணரும் கருவியை நீரோட்டம் ஏமாற்றும் இடத்தில் வைத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். சோதனையில் ஓட்டிய முன்பகுதியைவிட நிஜமான வெடிமுனை கனமாக இருந்தது இன்னொரு காரணம். ஒரு வலை போதும், இரண்டும் தெரிந்திருக்கும்.

ஆழத்தைச் சரிசெய்ததும் நிம்மதி வந்ததா என்றால் இல்லை. இப்போது டார்பிடோக்கள் இலக்கை அடைவதற்கு முன்பே வெடிக்கத் தொடங்கின. காந்த வெடிப்பானின் கோளாறு வெளியே வந்தது. பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நியூபோர்ட் பக்கத்துக் கடலுக்குப் பொருந்தியது பசிபிக்கின் வெப்பமண்டலக் கடலுக்குப் பொருந்தவில்லை. 1943 ஜூன் 24 அன்று பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸ் தன் கப்பல்களில் அந்தக் காந்தப் பகுதியைச் செயலிழக்கச் செய்யுமாறு உத்தரவிட்டார். ஆனால் ஆஸ்திரேலியாவில் தளம் அமைத்திருந்த நீர்மூழ்கிகள் நிமிட்ஸின் கட்டளைக்குக் கீழ் வரவில்லை. அவற்றின் தலைவர் ரால்ஃப் கிறிஸ்டி, 1920களில் அதே வெடிப்பானின் உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். அவர் மேலும் பல மாதங்கள் அதைப் பயன்படுத்தச் சொன்னார். ஒரே கடற்படை, ஒரே டார்பிடோ, இரண்டு விதி.

அப்புறம் மூன்றாவது குறை. 1943 ஜூலை 24 அன்று டினோசா என்ற நீர்மூழ்கி, ஜப்பானின் 19,000 டன் எண்ணெய்க் கப்பலான டோனான் மாரு 3ஐ மடக்கியது. முதலில் விட்டவற்றில் இரண்டு வெடித்துக் கப்பல் அசையாமல் நின்றுவிட்டது. தலைவர் லாரன்ஸ் டாஸ்பிட் நிதானமாக நேர் செங்கோணத்தில் நிலையெடுத்து, ஒவ்வொன்றாக விட்டார். பாடப்புத்தகத்தில் சொல்லும் அதே தாக்குதல். மொத்தம் விட்ட 15இல் 11 முட்டியும் வெடிக்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றைச் சுடாமல், ஆராய்ந்து பார்க்கட்டும் என்று பேர்ல் ஹார்பருக்குத் திரும்பக் கொண்டுவந்தார்.

லாக்வுட் இப்போது ஹவாயின் கஹூலாவே தீவுப் பாறைகள் மீது டார்பிடோக்களை விட்டார். வெடிக்காத ஒன்றை மீட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். வெடிமருந்தைத் தூண்டும் ஊசி நேரடி மோதலின் வேகத்தைத் தாங்காமல் மடங்கிச் சிக்கிக்கொண்டது தெரிந்தது. வெடிமுனைகளை 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மீது போட்டார்கள். நேராக விழுந்தவற்றில் பத்துக்கு ஏழு தோற்றன, சாய்ந்து விழுந்தபோது தோல்வி அதில் பாதியாகக் குறைந்தது. அதாவது, சரியாகக் குறிபார்த்த மாலுமிக்குத்தான் டார்பிடோ அதிகம் ஏமாற்றம் தந்தது. தீர்வு எளிமையானது: ஊசியை எடை குறைவான உலோகத்தில் செய்ய வேண்டும். அதற்கான அலுமினியக் கலவையை பேர்ல் ஹார்பரில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜப்பானிய விமானங்களின் சுழலிகளிலிருந்தே எடுத்தார்கள். 1943 செப்டம்பர் இறுதியில் முதல் முறையாக, திருத்திய டார்பிடோக்களோடு ஒரு நீர்மூழ்கி புறப்பட்டது. போர் தொடங்கி 21 மாதங்கள் ஓடியிருந்தன.

மூன்று குறைகளும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன என்பதுதான் இதில் முக்கியமான பாடம். ஆழம் சரியானால்தான் காந்தக் கோளாறு தெரியும். காந்தத்தை அணைத்தால்தான் ஊசி தெரியும். போருக்கு முன் அமைதியாக உட்கார்ந்து, நிஜ வெடிமருந்தோடு, நிஜமான இரும்பின் மீது சில பத்துச் சோதனைகள் நடத்தியிருந்தால் மூன்றும் ஒரே கோடையில் வெளிவந்திருக்கும். மிச்சம் பிடித்த சில லட்சம் டாலருக்கு விலை கொடுத்தவர்கள் பசிபிக் கடலில் இருந்தார்கள்.

ஜெர்மனிக்கும் இதே சிக்கல் வந்தது. 1940 ஏப்ரலில் நார்வேக் கடலோரத்தில் குந்தர் பிரீன் போன்ற தேர்ந்த நீர்மூழ்கித் தலைவர்களே நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் மீது விட்டும் எதுவும் வெடிக்கவில்லை. அங்கும் ஆழக் கோளாறு, அங்கும் காந்தக் கோளாறு. ஆனால் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸின் புகார் சில நாட்களிலேயே கடற்படையின் உச்சிக்குப் போனது. விசாரணை நடந்தது, டார்பிடோ துறையின் பொறுப்பாளர்கள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். கோளாறுகள் எல்லாம் தீர ஜெர்மனிக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். தண்டனை கொடுத்ததால் மட்டும் டார்பிடோ வெடித்துவிடாது. ஆனால் மாலுமி பொய் சொல்கிறான் என்ற வாதத்தில் அவர்கள் ஓராண்டை வீணாக்கவில்லை.

அமெரிக்கா இதிலிருந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கால் நூற்றாண்டுக்குள் தரைப்படையில் அதே கதை நடந்தது, வியட்நாமில்.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர் 15 துப்பாக்கி எடை குறைந்தது. சிறிய 5.56 மி.மீ. தோட்டா என்பதால் வீரர் அதிகத் தோட்டாக்களைச் சுமக்க முடியும். தரைப்படையின் ஆயுதத் துறைக்கு அது பிடிக்கவில்லை. 1957இல் அந்தத் துறை தன் சொந்த வடிவமைப்பான எம் 14ஐத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. கனமான தோட்டா, தொலைதூரக் குறி என்ற பழைய மரபில் வந்த துப்பாக்கி அது. வெளியாள் ஒருவரின் படைப்பு தங்கள் வாசலுக்குள் வருவதை அவர்கள் ரசிக்கவில்லை. ஆனால் 1962இல் தென் வியட்நாம் படைகளுக்கு ஆயிரம் ஏஆர் 15களைக் கொடுத்துப் பார்த்தபோது பாராட்டுதான் வந்தது. பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா எம் 14 உற்பத்தியை நிறுத்தச் சொன்னார். ஆக, புதிய துப்பாக்கியைப் படைக்கு ஏற்றதாக்கும் வேலை, அதை விரும்பாதவர்களின் கையிலேயே வந்து சேர்ந்தது.

அவர்கள் வேண்டுமென்றே கெடுத்தார்களா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடந்தது அதைவிடச் சாதாரணமானது. தோட்டா விநாடிக்கு 3,250 அடி வேகத்தில் வெளியேற வேண்டும் என்று கோப்பில் எழுதப்பட்டது. ஸ்டோனரின் துப்பாக்கி எந்த வெடித்தூளை வைத்து வளர்ந்ததோ, அந்தக் குச்சி வடிவத் தூளால் அழுத்த வரம்பைத் தாண்டாமல் அந்த எண்ணைத் தொடர்ந்து எட்ட முடியவில்லை. எண்ணைக் குறைப்பதற்குப் பதில் தூளை மாற்றினார்கள். 1964இல் உருண்டை வடிவத் தூள் வந்தது. அது எரியும் விதமே வேறு. துப்பாக்கி சுடும் வேகம் நிமிடத்துக்கு 750, 800 என்பதிலிருந்து 1,000 பக்கம் ஏறியது. உள்ளே கரியும் படிவும் சேர்ந்தன. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு போடவில்லை. பசிபிக்கின் ஈரத்தில் துருவின் கொடுமையைப் பார்த்து, எம் 14க்கு அந்தப் பூச்சைக் கொடுத்திருந்த அதே ராணுவம் இது. இந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சும் கிளம்பியது. துடைக்கும் கருவிகள் போதுமான அளவு அனுப்பப்படவில்லை.

இதில் என்னை மிகவும் உலுக்கிய விவரம் வேறொன்று. புதிய தூளோடு சுட்டால் துப்பாக்கி வேக வரம்பைத் தாண்டுகிறது, அதனால் ஏற்புச் சோதனையில் தேறாது என்று தயாரிப்பாளரான கோல்ட் நிறுவனம் சொன்னது. சரி, சோதனைக்கு மட்டும் பழைய தூளை வைத்துச் சுட்டுக்கொள்ளுங்கள் என்று அனுமதி கிடைத்தது. தொழிற்சாலையில் ஒரு தூள், வியட்நாமில் வேறு தூள். சான்றிதழில் எல்லாம் தேறியிருந்தது. காட்டில், ஓடு வெளியே வராமல் சிக்கிய துப்பாக்கியைப் பிரித்துப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த நிலையிலேயே வீரர்கள் இறந்துகிடந்தார்கள்.

வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். பெற்றோர்கள் அவற்றைத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் பத்திரிகைகளிடமும் கொண்டுபோனார்கள். 1967இல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து, வெடிமருந்துக் குறைகளைத் திருத்த அதிகாரிகள் நடவடிக்கை எடுக்காதது குற்றத்துக்குரிய அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது என்று எழுதியது. பூச்சு வந்தது, தூள் திருத்தப்பட்டது, துடைக்கும் கருவியும் பயிற்சியும் வந்தன. அதே துப்பாக்கியின் வழிவந்தவை இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கின்றன. அடிப்படை வடிவமைப்பு நன்றாகவே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். புகார் எந்த வழியாக மேலே போனது என்பதையும் பாருங்கள். ராணுவத்தின் சொந்தப் படிநிலை வழியாக அல்ல. தபால்காரர் வழியாக.

சரி, அலுவலகம் எப்போதும் தவறு, களத்தில் இருப்பவர் எப்போதும் சரி என்று இதை எளிமையாக்கிவிடலாமா? கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆயுதத் துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ரிப்ளியை, தொடர்ந்து சுடும் ஸ்பென்சர் போன்ற புதிய துப்பாக்கிகளைத் தடுத்தவர் என்று எல்லோரும் திட்டுவார்கள். லிங்கனே 1863 ஆகஸ்டில் ஸ்பென்சரைக் கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். அடுத்த மாதமே ரிப்ளி பதவியிலிருந்து போனார். ஆனால் 1861இல் அவர் மேசையில் இருந்த பிரச்சினை வேறு. விதவிதமான துப்பாக்கிகள், விதவிதமான தோட்டாக்கள். எந்தப் படைக்கு எதை அனுப்புவது என்றே தெரியாத குழப்பம். ஒரே வகைத் துப்பாக்கியை லட்சக்கணக்கில் செய்வதுதான் அவசரத் தேவை என்று அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் இரண்டு ஆண்டுகள் கழித்தும் மாறாமல் இருந்ததுதான் கோளாறு.

கனடாவின் ராஸ் துப்பாக்கியில் அரசியல்வாதியின் பாசம் சேர்ந்துகொண்டது. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் அது அற்புதமானது. உள்நாட்டிலேயே, கியூபெக் நகரில் செய்யப்பட்டது என்ற பெருமையும் உண்டு. படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் அதைத் தன் மானப் பிரச்சினையாகவே ஆக்கிக்கொண்டார். 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் இப்ர் போர்க்களச் சேற்றில், பிரிட்டிஷ் தோட்டாக்களோடு அது சிக்கியது. காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. பிழைத்து வந்த 5,000 கனடிய வீரர்களில் 1,452 பேர் தங்கள் துப்பாக்கியை வீசிவிட்டு, இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைவிடத் தெளிவான கருத்துக்கணிப்பு எந்தக் கொள்முதல் குழுவுக்கும் கிடைத்திருக்காது. முழுவதும் மாற்ற 1916 வரை ஆனது. அந்த நவம்பரில் ஹியூஸும் பதவி இழந்தார்.

இதுவரை பார்த்ததெல்லாம் தவறான முடிவுகள். முடிவே எடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை இந்தியாவின் பீரங்கி வரலாறு காட்டுகிறது. 1986 மார்ச்சில் ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்தோடு சுமார் 400 ஹௌவிட்சர் பீரங்கிகளுக்கு 1,437 கோடி ரூபாய் ஒப்பந்தம் போடப்பட்டது. 1987 ஏப்ரலில் ஸ்வீடிஷ் வானொலி லஞ்சக் குற்றச்சாட்டை வெளியிட்டது. 1989இல் ஆட்சியே மாறியது. பீரங்கி மட்டும் நன்றாகச் சுட்டது. 1999இல் கார்கில் மலைகளில் எதிரியின் நிலைகளை உடைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அடுத்த பீரங்கி வரவில்லை. டெண்டர் விடுவது, ரத்து செய்வது, மறுபடி விடுவது என்று போனது. போட்டியில் இருந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்புப் பட்டியலுக்குப் போயின. 2005இல் தென்னாப்பிரிக்காவின் டெனெல், 2012இல் ஜெர்மனியின் ரைன்மெட்டாலும் சிங்கப்பூர் டெக்னாலஜிஸும். எம் 777 பீரங்கிகளுக்கு அமெரிக்காவோடு ஒப்பந்தம் ஆனது 2016 நவம்பரில். முதல் இரண்டு பீரங்கிகள் வந்தது 2017இல். நடுவில் 30 ஆண்டுகள். 1986 ஒப்பந்தத்தோடு வந்த தொழில்நுட்ப ஆவணங்கள் அலமாரியில் கிடந்தன. அவற்றை அடிப்படையாக வைத்து உருவான தனுஷ் பீரங்கிகள் ராணுவத்திடம் முதலில் ஒப்படைக்கப்பட்டது 2019 ஏப்ரலில்.

ஒரு அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இந்தத் தாமதம் புரியும். கையெழுத்துப் போட்டால், பத்து வருடம் கழித்துப் புலனாய்வு அமைப்பு அழைக்கலாம். இன்னொரு விளக்கம் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினால் யாரும் அழைக்க மாட்டார்கள். ஆயுதம் வராததால் எல்லையில் என்ன நேர்ந்தாலும் அது அவர் கணக்கில் ஏறாது. லஞ்சத்தைத் தடுக்கக் கட்டிய சுவர், பீரங்கியையும் சேர்த்தே தடுத்தது. ஊழலைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. தவறு செய்த ஆளைத் தண்டிப்பதும், அந்த நிறுவனத்தோடு பிணைந்திருக்கும் ஆயுதத்தையே கைவிடுவதும் வெவ்வேறு விஷயங்கள். அந்த வேறுபாட்டைச் செய்யாததற்கு விலை கொடுத்தது பீரங்கிப் படை.

இதற்கு மருந்து உண்டா? சில உண்டு, அவை வேலை செய்ததும் உண்டு.

முதலாவது, செய்பவரையும் சோதிப்பவரையும் பிரிப்பது. 1983இல் அமெரிக்க நாடாளுமன்றம் பாதுகாப்புத் துறைக்குள், ஆயுதம் வாங்கும் பிரிவுகளுக்குக் கட்டுப்படாத தனி சோதனை அலுவலகம் ஒன்றை உருவாக்கச் சட்டம் போட்டது. அதே பத்தாண்டில் பிராட்லி கவச வண்டி பற்றிய சண்டை வெடித்தது. விமானப்படைக் கர்னல் ஜேம்ஸ் பர்ட்டன், எரிபொருள் தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டு வண்டி தீப்பிடிக்கவில்லை என்று சொல்வது சோதனையா என்று கேட்டார். போரில் எப்படிப் போகுமோ அப்படியே எரிபொருளும் வெடிமருந்தும் நிரப்பிச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவருடைய ராணுவ வாழ்க்கை அதோடு முடிந்தது. ஆனால் நிஜச் சூட்டுச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. பிராட்லியில் கூடுதல் கவசமும் உட்பூச்சும் வந்தன. 1991 வளைகுடாப் போருக்குப் போன வண்டிகளில் அந்த மாற்றங்கள் இருந்தன.

இரண்டாவது, தொடங்கியவரே முடிக்கும்படி பார்த்துக்கொள்வது. பெரிய ஆயுதத் திட்டம் முடியப் பத்து, பதினைந்து வருடம் ஆகும். அதிகாரி இரண்டு, மூன்று வருடத்தில் மாறிவிடுவார். வாக்குறுதி கொடுத்தவர் விளைவு வரும்போது அங்கே இருப்பதில்லை. இதற்கு நேரெதிர் உதாரணம் பொலாரிஸ். நீர்மூழ்கியிலிருந்து ஏவும் அணு ஏவுகணைக்காக 1955 இறுதியில் அமெரிக்கக் கடற்படை தனி அலுவலகம் ஒன்றை அட்மிரல் வில்லியம் ராபர்னிடம் கொடுத்தது. வழக்கமான பணியகங்களைச் சுற்றிக்கொண்டு போகாமல், நேராக மேலிடத்தோடு பேசும் அதிகாரம் அவருக்கு இருந்தது. 1960 ஜூலை 20 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் என்ற கப்பல் நீருக்கடியிலிருந்து ஏவுகணையைச் செலுத்தியது. ராபர்ன் 1962 வரை அங்கேயே இருந்தார். அவருடைய தொழில்நுட்பத் தலைவர் லெவரிங் ஸ்மித் 1970கள் வரை அதே அலுவலகத்தில் இருந்தார். பணம் தாராளமாக இருந்தது, நோக்கம் ஒன்றே ஒன்று. இந்த இரண்டும் எல்லாத் திட்டத்துக்கும் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் ஆளை மாற்றாமல் வைத்திருக்கச் செலவே ஆகாது.

மூன்றாவது, களத்துக் குரல் மேலிடத்துக்கு நேராகப் போக வழி விடுவது. 2005 பிப்ரவரியில் இராக்கின் அன்பார் மாகாணத்திலிருந்து அமெரிக்க மரீன் படை, கண்ணிவெடியைத் தாங்கும் வண்டிகள் 1,169 வேண்டும் என்று அவசரக் கோரிக்கை அனுப்பியது. அடிப்பகுதி படகுபோல் வளைந்திருந்தால் வெடிப்பின் வேகம் பக்கவாட்டில் சிதறிவிடும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. தென்னாப்பிரிக்கா 1970களிலேயே அப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டியது. கோரிக்கை இரண்டு ஆண்டுகள் அலுவலகங்களில் அலைந்தது. போர் சீக்கிரம் முடிந்துவிடும், இந்த வண்டிகள் அப்புறம் வீணாகிவிடும், அடுத்த தலைமுறை வண்டிக்கு வைத்த பணத்தை இது தின்றுவிடும் என்ற கணக்குகள் குறுக்கே நின்றன. 2006 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சரான ராபர்ட் கேட்ஸ், இந்த வண்டிகள் உயிர்களைக் காப்பாற்றுவதை 2007இல் ஒரு பத்திரிகைச் செய்தியில் படித்தார். தன் சொந்தத் துறையின் கோப்பு அவரை எட்டுவதற்கு முன் பத்திரிகை எட்டிவிட்டது. மே மாதம் அதைத் துறையின் தலையாய திட்டமாக அறிவித்தார். அதன் பிறகு 20,000க்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.

இவ்வளவு அவசரத்திலும் சோதனையை அவர்கள் விட்டுவிடவில்லை. பல நிறுவனங்களின் வண்டிகளை மேரிலாண்டின் அபர்டீன் சோதனைக் களத்துக்குக் கொண்டுபோய், அடியில் வெடிவைத்துப் பார்த்தார்கள். வேகமாக வாங்க வேண்டும் என்றால் சோதனையைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்தை எப்போது கேட்டாலும் எனக்கு அபர்டீன்தான் நினைவுக்கு வரும். அந்த இரண்டு ஆண்டுகளைத் தின்றது சோதனை அல்ல, வேண்டுமா வேண்டாமா என்று யாரும் சொல்லாமல் கோப்பு கிடந்த நாட்கள்.

அதனால்தான் 2025 மே மாதம் வந்த செய்தி எனக்குக் கவலை தருகிறது. 1983இல் உருவாக்கிய அந்தத் தனிச் சோதனை அலுவலகத்தின் ஆட்களை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் உத்தரவிட்டார். பணம் மிச்சமாகும், ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்வது நிற்கும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். படைப்பிரிவுகள் தாங்களே சோதித்துக்கொள்கின்றனவே, இன்னொரு அலுவலகம் எதற்கு என்பது அந்த வாதத்தின் சாரம். செய்பவரையும் சோதிப்பவரையும் பிரிக்க வேண்டும் என்று 1983இல் சட்டம் போட்டதே, அப்படித் தாங்களே சோதித்துக்கொண்டதை நம்ப முடியாமல் போனதால்தான்.